61ஆவது அலகு

ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகின்றது. மின்விசிறி இரவு பகலாகச் சுழலும். அடுத்த மின்பட்டியல் வந்ததும் வாப்பாவின் முகம் மாறும்.

மாணவிகளே, பட்டியல் உயர்வதற்குப் பாவனை மட்டும் காரணமன்று. கணிக்கும் முறையும் ஒரு காரணம். மாதப் பாவனை 60 அலகுக்குள் அடங்கினால் ஒரு கட்டண அட்டவணை, தாண்டினால் வேறோர் அட்டவணை. அப்போது 61ஆவது அலகுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுகளுக்கும் கூடிய விலை. நிலையான கட்டணமும் ஏறும். எனவே 58க்கும் 62க்கும் இடையிலுள்ள வித்தியாசம் வெறும் நான்கு அலகின் விலையன்று. (குளிரூட்டி பூட்டிய வீடுகள் இந்த எல்லையை எப்போதோ கடந்திருக்கும்!)

1000 வாட் உபகரணம் ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு. 75 வாட் மின்விசிறி தினமும் 8 மணித்தியாலம் சுழன்றால் 30 நாட்களில் 18 அலகு. இரண்டு விசிறிகளென்றால் 36. எல்லையில் பாதிக்கு மேல் போய்விட்டது. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை விரைவாக ஆவியாக்கி எமது உடலையே குளிர்விக்கின்றது. ஆளில்லாத அறையில் அது சுழல்வது வீண் செலவு. சீருடைகளையும் பர்தாக்களையும் தினமும் மின்னழுத்தியைச் சூடாக்கி அழுத்தாமல், வாரத்துக்கு ஒரே தடவையில் அழுத்தலாம்.

பட்டியல் கிடைத்த அன்று மின்மானியின் வாசிப்பைக் குறித்து வையுங்கள். ஏழு நாட்களின் பின் மீண்டும் பாருங்கள். வித்தியாசம் 14ஐத் தாண்டியிருந்தால், அதே போக்கில் 30 நாட்களில் 60ஐத் தாண்டிவிடும். குறைத்துக்கொள்ள இன்னும் மூன்று வாரங்கள் உண்டு.