மரக்கடைக்குப் போகும் தம்பிக்கு

1. பெயரைக் கேட்டு மயங்காதே. எந்தக் கடையிலும் ‘பர்மா தேக்கு’ என்பார்கள். மியான்மர் உருட்டுத் தேக்கு ஏற்றுமதியை 2014இலேயே நிறுத்திவிட்டது. இப்போது இறங்குவதில் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்ட மரம் ஏராளம். அதுவும் தேக்குதான். ஆனால் இளசாக வெட்டியிருந்தால் வைரம் குறைந்து வெள்ளை கூடியிருக்கும். வைரத்துக்குக் காசு கொடு, ஊர்ப் பெயருக்குக் கொடுக்காதே.

2. பலகையின் முகத்தை விட்டுவிட்டு வெட்டுவாயைப் பார். முகத்தில் எண்ணெய் பூசி மினுக்கலாம், வெட்டுவாயில் வித்தை பலிக்காது. பொன்பழுப்பாக இருப்பது வைரம், ஓரத்தில் வெளிறியது வெள்ளை. வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சி முதலில் அங்கேதான் இறங்கும். குண்டூசித் துளையும் அதனடியில் மாவுபோல் தூளும் கண்டால் விலை கேட்காமலே நகர்ந்துவிடு. சந்தேகமா? ஓரத்தில் இழைப்புளியை ஒருமுறை ஓட்டு. தேக்கானால் தோல் வாடை வரும், விரலில் எண்ணெய்ப் பசை தட்டும்.

3. காய்ச்சல்தான் எல்லாவற்றிலும் பெரிது. ஈரத் தேக்கைவிடக் காய்ந்த வேம்பு மேல் என்பேன், யார் சிரித்தாலும் சரி. மேசை நாற்காலிக்கு ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், கடலோர ஊரில் சற்றுக் கூடலாம். ஈர மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள். காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. மரம் நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பலகை வளைவதும் மூட்டு விலகுவதும் அதனால்தான். வாங்கி வந்ததும் நிழலில், ஒரே கனமுள்ள ரீப்பர்களை இடையிட்டு அடுக்கு. சுவரில் சாய்த்து வைக்காதே.

4. கெட்டியான கணு மேசைப் பலகையில் அழகு, நாற்காலிக் காலில் ஆபத்து. காலுக்கும் சட்டத்துக்கும் ரேகை நேராக ஓட வேண்டும். நடுமையம் உள்ள துண்டு வெடிக்கும், வேண்டாம்.

5. கணக்கை நீயே போடு. நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 7 அடி நீளம், 6 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் என்றால் 0.875.

6. நாட்டு மரங்களை இளக்காரமாகப் பார்க்காதே. தஞ்சாவூர் வீணையே பலா மரந்தான். பூவரசு உழைக்கும். வாகையின் வைரம் நல்ல கரும்பழுப்பு, ஆனால் அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள், தும்மித் தீராது.

7. முதல் வேலையைத் தேக்கில் தொடங்காதே. அதில் மணல்சத்து உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும். தீட்டக் கை பழகும்வரை வேம்பில் ஒரு முக்காலி செய்.