சளிக் காலத்துக்குச் சித்தரத்தை

நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை வாங்கும்போது ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பாருங்கள். மூக்கில் சுருக்கென்று காரமணம் ஏற வேண்டும். மணமில்லாததும், ஊசிமுனை அளவுக்குத் துளை விழுந்ததும் வேண்டாம். உள்ளே வண்டு இருக்கும். இஞ்சியின் உறவுதான் என்றாலும், காய்ந்தபின் இது கட்டைபோல் இறுகிவிடும். மிக்சியில் அப்படியே போட்டால் பிளேடு மழுங்கும். வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டி, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொண்டால் போதும்.

தொண்டைக் கரகரப்புக்கு, மிளகளவு துண்டை வாயில் அடக்கி உமிழ்நீரை மெல்ல விழுங்கலாம். சிறு குழந்தைகளுக்கு இந்த முறை கூடவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கஷாயத்துக்கு, தட்டிய சித்தரத்தை அரை டீஸ்பூன், நான்கு மிளகு, இரண்டு டம்ளர் தண்ணீர். ஒரு டம்ளராக வற்றியதும் வடிகட்டி, பனங்கற்கண்டு சேர்த்துச் சூடாகக் குடிக்கலாம். காரம் அதிகம் என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம். தீபாவளி லேகியத்திலும் இது சேர்வதால், மீதியை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வையுங்கள்.

கர்ப்பிணிகளும், நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்டபிறகே எடுங்கள். இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் கஷாயத்தை நம்பி நாள் கடத்தாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.