முகத்தில் ஊசி வைக்கும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிளினிக்கில் முக அக்குபங்சரும் தொடங்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்குகிற கோட்டுக்கு எந்தப் புள்ளிகள் என்றும் கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரி போதும்: மூக்கு மடலை ஒட்டி எல்.ஐ.20, கருவிழிக்கு நேர் கீழே கன்னத்தில் எஸ்.டி.3, வாயின் முனைக்கு வெளியே எஸ்.டி.4. நீ கேட்காததைத்தான் நீட்டி எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

முகம் எப்போது வாடும் என்பதற்குச் சீனர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ நூலின் ‘சூவென்’ பகுதி, முதல் அத்தியாயத்திலேயே பெண்ணின் வாழ்க்கையை ஏழேழு ஆண்டாக வகுக்கிறது. 35 வயதில் யாங்மிங் நாளங்கள் தளரும். முகம் வாடத் தொடங்கும், முடி கொட்டும். 42இல் முகம் முழுக்க வாடும், நரை தட்டும். யாங்மிங் என்பது வயிற்று நாளமும் (எஸ்.டி.) பெருங்குடல் நாளமும் (எல்.ஐ.). கன்னம், தாடை, வாயோரம் என்று வளைந்து ஓடுகிறவை அந்த இரண்டும்தான். மேலே சொன்ன மூன்று புள்ளிகளும் அவற்றின் மேலேயே இருக்கின்றன. அதனால்தான் முகத்துக்கென்று வருகிறவரிடம் நான் முதலில் பசி, மலம், தூக்கம், மாதவிடாய் பற்றிக் கேட்கிறேன். அதற்குப் பிறகு நாக்கு, நாடி. முகத்தில் ஊசி வைத்தால் காலில் எஸ்.டி.36, கையில் எல்.ஐ.4 சேர்த்தே வைப்பது என் வழக்கம். (கர்ப்பிணிக்கு எல்.ஐ.4 கூடாது. அவர்களை முகச் சிகிச்சைக்குப் பிரசவத்துக்குப் பிறகு வரச் சொல்.) உடம்பை விட்டுவிட்டு முகத்தில் மட்டும் வரிசையாகக் குத்தி அனுப்புவது அழகு நிலைய வேலை, அதை அவர்கள் நம்மைவிட நேர்த்தியாகச் செய்வார்கள்.

ஆனால் இந்த ஏழேழு கணக்கை மட்டும் நம்பி உட்காராதே. வெயிலும் புகையிலையும் தோலின் கொலாஜனைச் சிதைக்கின்றன. வயதாக ஆகக் கன்னத்துக் கொழுப்பு கரைந்து சரிகிறது. அடியிலுள்ள எலும்பும் தேய்கிறது. எந்த ஊசியும் எலும்பை வளர்க்காது. 2013இல் தென்கொரியாவிலிருந்து ஒரு சிறு ஆய்வு வெளியானது: முப்பது பேருக்கும் குறைவான பெண்கள், மூன்று வாரத்தில் ஐந்து சிட்டிங். முகத்தின் இறுக்கம் ஓரளவு கூடியதாகத் தெரிந்தது. ஆனால் ஊசி போடாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்த அளவுக்குத்தான் அதை நம்பலாம். என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்: முகத்தில் ரத்த ஓட்டம் தெரியும், காலை வீக்கம் குறையும், பல்லைக் கடித்துத் தூங்குகிறவர்களின் தாடை தளரும். மெல்லிய கோடுகள் சில வாரம் மங்கலாகத் தெரியும். ஆழ விழுந்த மடிப்பு அப்படியேதான் இருக்கும். இதை ஊசி வைப்பதற்கு முன்பே சொல்லிவிடு. ‘இயற்கை போடாக்ஸ்’ என்று மட்டும் போர்டு வைக்காதே. போடாக்ஸ் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையையே சில மாதம் தடுத்துவைக்கும் மருந்து. நாம் செய்வது அதுவல்ல.

இனி கைவேலை. 1027இல் சோங் அரசின் கைஃபெங் நகரில் வாங் வெய்யி என்ற மருத்துவர் வெண்கலத்தில் ஆளுயரப் பொம்மை செய்வித்தார். தேர்வு நாளில் அதன்மேல் மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்புவார்களாம். மாணவர் சரியான புள்ளியில் குத்தினால் நீர் கசியும். உனக்கு வாய்த்திருப்பது உயிருள்ள முகம். இடம் தவறினால் ரத்தம் கசியும். எஸ்.டி.5இல் குத்துமுன் தாடை எலும்பின்மேல் விரலை வைத்துப் பார், முகத் தமனி துடிப்பது தெரியும். அதை ஒதுக்கிவிட்டு வை. ஊசி 0.16 மி.மீ. தடிமன், அரை அங்குலம் போதும். கண்ணடித் தோல் தளர்ந்தது. அங்கே ஊசியைத் திருகவும் ஏற்றி இறக்கவும் கூடாது. எடுத்த கையோடு காய்ந்த பஞ்சால் ஒரு முழு நிமிடம் அழுத்து, தேய்க்காதே. அப்படியும் சிலருக்கு நீலம் பாரிக்கும். மறுநாள் கல்யாணத்துக்குப் போகிறேன் என்பவருக்கு அன்றைக்குக் கண்ணைச் சுற்றி வைக்கவே வேண்டாம். வைத்த ஊசிகளை எண்ணி எழுதிவை, எடுத்ததையும் எண்ணு. எண்ணாவிட்டால் முடியோரத்தில் ஒன்று ஒளிந்துகொண்டு, வந்தவர் வீட்டில் தலை சீவும்போது அகப்படும். அவர் திரும்ப வரமாட்டார்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, போடாக்ஸோ ஃபில்லரோ போட்டிருக்கிறாரா என்று கேட்காமல் தொடங்காதே. முகம் உப்பி, முடி கொட்டி, எந்நேரமும் அசதி என்று ஒருவர் வந்தால், மண்ணீரல் பலவீனம் என்று நாக்கைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுமுன் தைராய்டு சோதனைக்கு அனுப்பு. முகவாதத்துக்கு இந்தப் புள்ளிகளை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறோம், அதனால் வாய் கோணியவர்களும் உன்னைத் தேடி வருவார்கள். திடீரென்று கோணியது என்றால், கை பலவீனமோ பேச்சுக் குழறலோ சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம், ஒரு நிமிடம்கூட வைத்துக்கொள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

பணம் பற்றிக் கேட்டிருந்தாய். பத்து சிட்டிங்குக்கு முன்பணம் வாங்கும் பேக்கேஜ் எனக்குப் பிடிப்பதில்லை. வாங்கிவிட்டால், நாலாவது சிட்டிங்கில் பலனில்லை என்று தெரிந்தாலும் வாயைத் திறக்கத் தோன்றாது. வந்த அன்றைக்கு வந்ததற்கு வாங்கு. போட்டோ எடுத்தால் ஒரே ஜன்னல், ஒரே நேரம், முடியைக் கட்டிவைத்து, சிரிக்காத முகம். முதல் படத்தில் இருட்டு, கடைசியில் லிப்ஸ்டிக் என்று விளம்பரம் போடுகிறவர்கள் நிறையப் பேர். நம் படத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் வந்தவரிடம் அதையே காட்டி, நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிடு.

உன் ஊரில் 0.16 ஊசி கிடைக்காவிட்டால் எழுது, இரண்டு பெட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா