சபைக்கூச்சமும் தனிப்பயிற்சியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்றிருப்பதாலும், பிள்ளைகள் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குப் போகாமலிருக்கப் படிப்பே வழி என்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் குடும்பங்கள் கருதுவதாலும், வகுப்பில் வாய் திறவாத மாணவரைப் பற்றிய கவலை அங்கு எளிதில் மதிப்பெண் கவலையாக மாறிவிடுகிறது.

பேசாத பிள்ளைக்குப் பாடம் தெரியாது என்பது முதல் நம்பிக்கை. பிறர் தம்மை எடைபோடுவார்கள் என்ற அச்சமே சபைக்கூச்சம். அது பாடம் தெரியாமையும் அன்று, தனிமையை விரும்பும் இயல்பும் அன்று. வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்து, தன் தமிழ் உச்சரிப்பைப் பிறர் கேலி செய்வார்களோ என்று தயங்கும் குழந்தை, விடை தெரிந்திருந்தும் மௌனமாக இருக்கக்கூடும்.

தனி டியூஷன் வைத்தாலே தன்னம்பிக்கை வந்துவிடும் என்பது இரண்டாவது. பெற்றோருக்குச் செலவு வைப்பதும் இதுவே. தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றோருள் 98 விழுக்காட்டினரை விஞ்சியதாக அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதினார். பிந்தைய ஆய்வுகள் பயன் உண்டென்று ஏற்றாலும் அதன் அளவைக் குறைத்தே மதிப்பிட்டன. புளூம் அளந்ததோ பாடத் தேர்ச்சியை, கூச்சத்தை அன்று. ஒரு செயலைத் தன்னால் செய்ய இயலும் என்ற எண்ணத்தைத் 'தன்திறன் நம்பிக்கை' எனலாம். அதற்கு வலுவான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம் என்றும், பிறர் சொல்லும் ஊக்கமொழி அதைவிட வலுக்குறைந்தது என்றும் 1977இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விளக்கினார். ஆகவே "நீ கெட்டிக்காரி" என்று நூறு முறை சொல்வதைவிட, ஒரு கணக்கை அவளே முடிக்கும்வரை குறுக்கிடாமல் காத்திருப்பது மேல். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடியே காத்திருப்பதையும், அதை மூன்று வினாடிகளாக நீட்டினால் விடைகள் நீள்வதையும், விடையே வராத தருணங்கள் குறைவதையும் 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பதிவுசெய்தார். ஒரு மணி நேரமும் ஆசிரியரே பேசித் தீர்க்கும் டியூஷன், கட்டணம் எவ்வளவாயினும், வகுப்பறையின் சிறு நகலே.

கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்குத் தனிக்கவனம் எட்டாது என்பதும் முழு உண்மை அன்று. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், 1 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்களுக்குத் தன்னார்வலர்கள் அவர்களின் குடியிருப்புப் பகுதியிலேயே மாலையில் கற்பித்தனர். ஒருவரிடம் ஏறத்தாழ 20 குழந்தைகள் என்பதால் இது தனிப்பயிற்சி ஆகாது. எனினும், பெற்றோர் ஆலையிலிருந்து திரும்பும் வேளையில், தெரிந்த ஊர்க்காரரான ஓர் அக்காவிடம் ஒரு குழந்தை பத்து நிமிடம் தனியாக வாசித்துக் காட்ட இத்தகைய அமைப்பு இடம் தருகிறது.

கூச்சம் தெளியும் என்று ஆண்டுவிழா மேடையில் திடீரென ஏற்றிவிடுவதும் உண்டு. தோற்றுத் திரும்பும் குழந்தையின் அச்சம் அதனால் உறுதிப்படவே கூடும். தனியே வாசித்த பத்தியை முதலில் ஒரு தோழியின் முன்பும், பின்னர் நால்வர் குழுவிலும் வாசிக்கச் செய்து, அதே பத்தியிலிருந்து ஒரு கேள்வியை வகுப்பில் கேட்குமாறு பள்ளி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதே பயிற்றுநரின் வேலை. அப்பிள்ளை வகுப்பில் தானாகக் கை உயர்த்தத் தொடங்கியதும் டியூஷன் நேரத்தைக் குறைக்க வேண்டும். மாதக் கட்டணத்தை நம்பியிருப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்குவதால், பெற்றோரே கேட்டுக்கொள்வது நல்லது.