தடம் புரண்ட கால அட்டவணைக்குக் கணிப்பொறி ஒத்திகை

சரக்கு லாரி வழியில் நின்றுவிட்டால் நமக்கு அந்த லோடு மட்டும்தான் தாமதம். விமானக் கம்பெனிக்கு அப்படியல்ல. ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு ஊர்களைத் தொடும். காலையில் இரண்டு மணி நேரம் பிந்தினால் மாலை வரை அது தொடரும். அதன் விமானி இறங்கி அடுத்த விமானத்தை ஓட்ட வேண்டியவரானால் அதுவும் நிற்கும். பணி நேரத்துக்குச் சட்ட வரம்பு உண்டாதலால், "இன்னும் ஒரு நடை போய் வாருங்கள்" என்றும் சொல்ல இயலாது.

2022 டிசம்பரில் அமெரிக்காவில் பனிப்புயல் வீசியது. மற்ற கம்பெனிகள் சில நாட்களில் நிமிர்ந்தன. சவுத்வெஸ்ட் கம்பெனியோ 16,900 பயணங்களை ரத்து செய்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தவித்தனர். ஊழியர்களை மறுபடி ஒதுக்கும் மென்பொருளால் ஈடுகொடுக்க முடியவில்லை. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்பதைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தது. 2023-இல் அரசு விதித்த அபராதம் 14 கோடி டாலர்.

இத்தகைய நேரத்தில் உதவுவதே 'சிமுலேஷன்' எனும் கணிப்பொறி ஒத்திகை. ஒரு விமானம் பிந்துகிறது என்று கொள்வோம். வழிகள் மூன்று: எல்லா நடைகளையும் தள்ளிப் போடலாம், போக்குவரத்தாக இரு நடைகளை ரத்து செய்யலாம், வேறு விமானத்தை மாற்றி விடலாம். காகிதத்தில் முதல் வழியே செலவு குறைந்ததாகத் தெரியும். ஆனால் மதியம் இன்னுமொரு அரைமணி பிந்தினால் விமானியின் பணிநேரம் தீர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வழியையும், பழைய பதிவுகளில் கண்ட தாமதங்களை மாற்றி மாற்றிப் போட்டு, நூற்றுக்கணக்கான முறை கணிப்பொறியில் ஓட்டுகிறார்கள். சராசரிச் செலவை மட்டுமல்ல, எத்தனை முறை திட்டம் அடியோடு குலைந்தது என்பதையும் பார்க்கிறார்கள். நம் கருத்தில் இந்த இரண்டாவது கணக்கே முக்கியம்.

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதற்கென்றே 'சிம்ஏர்' எனும் மென்பொருளை உருவாக்கி, 2002-இல் அதுபற்றி எழுதினர்.

நம் கடைக்குக் கணிப்பொறிகூட வேண்டாம். கடந்த ஆண்டு லோடு வந்த தாமத நாட்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு மீண்டும் குலுக்குங்கள். இப்படி ஐம்பது முறை எடுத்ததில் எத்தனை முறை தீபாவளிக்கு முன் கிடங்கு காலியாகிறது என்று எண்ணினால், எவ்வளவு முன்கூட்டி ஆர்டர் கொடுப்பது என்பது பிடிபடும்.