பெயருக்கும் வில்லங்கம் பார்

திண்டிவனம்

அன்பு மகனுக்குப் பெரியப்பா எழுதுவது.

வல்லத்தில் செக்கு போட்டு நம் கொல்லை மல்லாட்டையை நீயே ஆட்டி விற்கப்போவதாக உன் அப்பா சொன்னான். மனசு நிறைந்தது. ஆனால் அடுத்த வாரமே ‘வல்லம் மரச்செக்கு’ என்று லேபிளும் டின்னும் அடிக்கக் கொடுக்கப்போகிறாயாம். அதைக் கொஞ்சம் நிறுத்தி வை.

நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? பெயரும் சொத்துதான். நீ விற்கிற ஒவ்வொரு டின்னோடும் அதன் மதிப்பு ஏறும். ஏறிய பிறகு இன்னொருவர் வந்து ‘இது என்னுடையது’ என்றால், லேபிள் மட்டுமா போகும்? அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிய வாடிக்கையாளரும் போவார்.

2020 ஜூனில் பதஞ்சலி ‘கொரோனில்’ என்று மாத்திரை கொண்டுவந்தது. சென்னை ஆருத்ரா நிறுவனம், ஆலைகளில் அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்துக்கு அதே சொல் வரும் பெயரை 1993-லேயே வணிகக்குறியாகப் பதிந்திருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்டில் தனி நீதிபதி தடை விதித்து, 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் கட்டச் சொன்னார். பதிவேட்டைப் பார்த்திருந்தாலே பெயர் பதிவானது தெரிந்திருக்கும் என்று தீர்ப்பிலேயே சொன்னார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு சில நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. பெரிய கம்பெனி, வக்கீல் வைத்து அடுத்த படிக்குப் போனது. ஒரு செக்கை நம்பி இருக்கிற உனக்கு அந்தத் தெம்பு ஏது?

உன் பெயரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வல்லம் ஊர்ப்பெயர், தஞ்சாவூர்ப் பக்கமும் ஒரு வல்லம், செங்கல்பட்டுப் பக்கமும் ஒரு வல்லம். மரச்செக்கு, பொருள் எப்படி ஆட்டப்பட்டது என்று சொல்கிற சொல். இரண்டையும் சேர்த்தாலும் உனக்கு மட்டும் என்று கேட்பது கடினம். ‘மேஜிக் மசாலா’ எங்களுக்கே சொந்தம் என்று நெஸ்லே மீது ஐ.டி.சி. தொடுத்த வழக்கும் இப்படித்தான் ஆனது. மேஜிக் புகழ்ச்சொல், மசாலா எல்லோருக்கும் பொதுவான சொல் என்று 2020-ல் அதே உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே பொருளை வர்ணிக்காத, எண்ணெய் வியாபாரத்தில் யாரும் சொல்லாத ஒரு சொல்லைத் தேடு. ஊர்ப்பெயரை முகவரியில் போட்டுக்கொள்.

மூன்று பெயர் எழுதிக்கொண்டு ஐ.பி. இந்தியா இணையதளத்தில் வணிகக்குறிப் பொதுத் தேடலுக்குப் போ. காசு கிடையாது. சமையல் எண்ணெய்க்கு வகுப்பு 29. புண்ணாக்கும் விற்பாய் என்றால் 31. எழுத்துக்கு எழுத்து தேடினால் போதாது. ஆங்கிலத்தில் ஒற்றை ‘எல்’, இரட்டை ‘எல்’, ‘டி’யோடு ‘ஹெச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எல்லா விதமாகவும் போட்டுப் பார். ஒலி ஒப்புமைத் தேடலும் அங்கேயே இருக்கிறது. காதுக்கு ஒன்றாகக் கேட்கும் பெயரும் தடையாகலாம்.

பதிவேடு சுத்தமாக இருந்தாலும் நிம்மதியாக உட்காராதே. வில்லங்கத்தில் வராத அனுபவதாரர் நிலத்தில் இருப்பதில்லையா? பதியாமலே பல வருஷமாக ஒரு பெயரில் விற்பவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. செஞ்சி, விழுப்புரம், புதுச்சேரி மளிகைக் கடைகளில் கேள். ஆன்லைன் கடைகளிலும் தேடு. ஜி.எஸ்.டி. எண்ணும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் வாங்கிவிட்டேன், பெயர் எனக்குத்தான் என்று நினைக்காதே. அவை தொழில் நடத்த அனுமதி. பெயருக்குப் பட்டா அல்ல.

தேடி முடித்ததும் விண்ணப்பம் போட்டுவிடு. தனிநபர் இணையத்தில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். நம் பகுதிக்குச் சென்னை கிண்டி அலுவலகம். ஏற்றுக்கொண்டு வணிகக்குறி இதழில் வெளியிட்டால், ஆட்சேபிக்க மற்றவர்களுக்கு 4 மாதம் அவகாசம். பதிவானால் 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும் வரை லேபிளில் ‘டி.எம்.’ போடு, வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்டால் அபராதம் உண்டு.

விண்ணப்ப எண் வரும்வரை வெள்ளை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டி விற்றுக்கொள். பெயர் மாறினால் சில நூறோடு போகும். மூன்று பெயரையும் எனக்கு எழுது. தேடிப் பார்த்து என் அபிப்பிராயம் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா