பெயரா, வினையா? பிள்ளைகளுக்குச் சொல்வகை கற்றுக்கொடுப்போம்



நமது டிரஸ்ட் நடத்தும் மாலை நேர வகுப்புக்கு மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். "பெயர்ச்சொல் என்றால் என்ன?" என்று கேட்டால் பலரும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, "இதில் பெயர்ச்சொல் எது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். பிள்ளைகளிடம் குறை இல்லை. விளக்கத்தை முதலிலும் சொல்லைப் பிறகும் கொடுப்பதால் வரும் குழப்பம் இது. இந்த வயதில் இது தெளியாவிட்டால் மேல் வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே சுமையாகிவிடும். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்ற பேச்சும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

"நானே எட்டாவதோடு நின்றவள், எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லும் தாய்மார்கள் தயங்க வேண்டாம். கீழே உள்ளதைச் சொல்லிக்கொடுக்க, தமிழ் பேசத் தெரிந்தால் போதும்.

முதலில் பெயர்

தமிழில் சொற்கள் நான்கு வகை: பெயர், வினை, இடை, உரி. பெயர்ச்சொல் ஆறு வகைப்படும். அவற்றை வீட்டுக்குள்ளேயே தேடச் சொல்லுங்கள்.

பொருட்பெயர்: தேங்காய், தஸ்பீஹ் மணி, பாய்.
இடப்பெயர்: பள்ளிவாசல், கடைத்தெரு.
காலப்பெயர்: ரமலான், வெள்ளிக்கிழமை.
சினைப்பெயர்: ஒளூவில் வரும் முகம், கை, தலை, கால். சினை என்றால் உறுப்பு.
பண்புப்பெயர்: வெண்மை, இனிப்பு.
தொழிற்பெயர்: ஓதுதல், தொழுகை.

ஒரு நாளைக்கு ஒரு வகை போதும். பிள்ளையே பத்துச் சொற்களைத் தேடி எழுதட்டும். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அடுத்து வினை

"செயலைக் குறிப்பது வினைச்சொல்" என்று மட்டும் சொன்னால் பிள்ளை "தொழுகை" என்பதையும் வினை என்றே எழுதும். தொழுகை ஒரு செயல்தானே என்று கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நேற்று தொழுதான், இன்று தொழுகிறான், நாளை தொழுவான் என்று சொல்லிக் காட்டுங்கள். காலத்துக்கு ஏற்பச் சொல் மாறுகிறது. இது வினை. "தொழுகை" என்ற சொல்லில் நேற்றா நாளையா என்பது தெரியாது. அதோடு "ஐ" சேர்த்தால் "தொழுகையை" என்று வருகிறது. ஆகவே அது பெயர்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்களும் இதில் உதவலாம். போனில் பேசும்போது, "இன்றைக்கு நீ செய்த மூன்று வேலை சொல்லு" என்று கேளுங்கள். சாப்பிட்டேன், ஓதினேன், விளையாடினேன் என்று பிள்ளை சொல்லும். "இதையே நாளைக்குச் செய்வதாக மாற்றிச் சொல்லு" என்று கேட்டால் ஒரு பாடம் முடிந்துவிடும்.

சில சொற்கள் இரண்டு வேலையும் பார்க்கும். "ஆடு புல் தின்றது" என்பதில் ஆடு பெயர். "ஊஞ்சலில் ஆடு" என்பதில் அது வினை. ஓடு, படி ஆகியவையும் அப்படியே. எனவே பட்டியலை மனப்பாடம் செய்யவிடாமல், வாக்கியத்தில் வைத்துப் பார்க்கப் பழக்குங்கள்.

சின்னச் சொல், பெரிய வேலை

இடைச்சொல் தனித்து வராது. பெயரோடும் வினையோடும் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும். பாத்திமா வந்தாள், பாத்திமாவும் வந்தாள், பாத்திமாவே வந்தாள், பாத்திமாவா வந்தாள்? இந்த நான்கையும் உரக்கப் படிக்கச் சொல்லி, என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். உம், ஏ, ஆ செய்யும் வேலை உடனே புரியும்.

உரிச்சொல் பெரும்பாலும் செய்யுளில் வருவது. இந்த வயதுக்கு "மாநகரம்" என்பதில் பெரிய என்ற பொருள் தரும் "மா" ஒன்று தெரிந்தால் போதும்.

அரபியிலும் ஆங்கிலத்திலும்

அரபு இலக்கணத்தில் சொற்கள் மூன்றே வகை: இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப். இஸ்ம் என்றால் பெயர், ஃபிஃல் என்றால் செயல். நம் பிள்ளை தினமும் சொல்லும் பிஸ்மியில், "பி" ஒரு ஹர்ஃப். அடுத்து வருவது "இஸ்ம்" என்ற சொல்லேதான். ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பெயர்களைக் கற்றுக்கொடுத்ததை அல்பகரா அத்தியாயத்தின் 31ஆம் வசனம் கூறுகிறது. அங்கே வரும் "அஸ்மா" இந்த இஸ்மின் பன்மையே.

ஆங்கிலத்தில் வழக்கமாக எட்டு வகை சொல்லுவார்கள். எட்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். நவுன் என்றால் பெயர், வெர்ப் என்றால் வினை என்று தெரிந்ததோடு இணைத்துச் சொல்லுங்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் காட்டுங்கள். தமிழில் "பள்ளிவாசலில்" என்று "இல்" பின்னால் ஒட்டுகிறது. அரபியில் "ஃபீ", ஆங்கிலத்தில் "இன்" இரண்டும் பெயருக்கு முன்னால் வருகின்றன. ஆங்கில வாக்கியம் எழுதும்போது பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று.

வீட்டுப் பயிற்சி

"காசிம் வெள்ளிக்கிழமை மாலை மதுரை மாநகரில் உம்மாவுக்கு மருந்து வாங்கினான்." இதில் நான்கு வகையையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

விடை: காசிம், வெள்ளிக்கிழமை, மாலை, மதுரை, நகர், உம்மா, மருந்து ஆகியவை பெயர். வாங்கினான் வினை. இல், கு இடை. மா உரி.

தவறாகச் சொன்னால் அதட்டாமல், "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லும்போதே பல பிள்ளைகள் தாமாகத் திருத்திக்கொள்கிறார்கள். மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒரு மாதத்தில் மாற்றம் தெரியும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.